தாம்பூலப் பையில் தம்பியின் படம்

மஞ்சள் துணிப்பை, வாயைச் சுருக்கிக் கட்டச் சிவப்புக் கயிறு. உள்ளே இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு லட்டு, அதன்மேல் என் தம்பி எடுத்த படத்தின் டிவிடி. என் கடைசி மகள் கல்யாணத்துக்கு அப்படி ஐம்பது பைகள் கட்டினேன். வந்த கூட்டத்துக்கெல்லாம் சில்வர் டப்பா. இந்த ஐம்பதும் நெருங்கிய சொந்தத்துக்கும் கோயில் மாதர் பிரிவுப் பெண்களுக்கும் என்று தனியாக வைத்தேன். டிவிடி அட்டையில் கதாநாயகன் லோரிமேல் நின்றுகொண்டிருப்பான், பின்னால் கிள்ளான் பாலம் தெரியும். லட்டு நெய் அதில் ஒட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தும் அந்த வேலையை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. என் தம்பி படம் எடுத்திருக்கிறான் என்று ஊருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தான். சனி ஞாயிறில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. மற்ற நாளெல்லாம் சொந்தமாகப் படம் எடுக்க வேண்டும் என்ற பேச்சு. முப்பது வயதில் பெண் பார்த்தபோது, படம் எடுத்துவிட்டுத்தான் கல்யாணம் என்றான். நாற்பதிலும் அதையே சொன்னான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஐம்பதை நெருங்கும்போது, தனக்கென்று இருந்த ஒரே வீட்டை வங்கியில் வைத்து அந்தப் படத்தை எடுத்தான். சுங்கை வே அடுக்குமாடிகளிலும் எங்கள் கிள்ளானிலும் எடுத்தார்கள். நடித்தவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். நான் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தியவள், முப்பது பேருக்குச் சமைப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. தினமும் சட்டியோடு போய் இறங்குவேன். ஒரு காட்சியில் என் அடுப்படிகூட வருகிறது. அதற்காக அடுப்பைத் தேய்த்துத் தேய்த்து என் நகமே போனது, தம்பி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பளபளவென்று இருந்தால் இதை யார் வீடு என்று நம்புவார்கள் என்று சொல்லி மறுபடியும் கரி பூசினான்.

படம் தியேட்டரில் ஆறு நாள் ஓடியது. முதல் நாள் நாங்களே பாதித் தியேட்டரை நிரப்பினோம். மூன்றாம் நாள் பதினைந்து பேர், ஐந்தாம் நாள் தம்பியும் டிக்கெட் கிழிப்பவரும். படம் பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. உள்ளூர்ப் படத்துக்கு எதற்குத் தியேட்டருக்குப் போக வேண்டும், டிவிடி வரட்டும் என்று இருந்துவிட்டார்கள். யாரோ தியேட்டரில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பிடித்த நகல் அடுத்த வாரமே வந்துவிட்டது. அது எனக்கு அப்போது தெரியாது. ரயிலில் ஒருவர் தம்பியைக் கண்டு கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். “Boss, உங்க படம் பார்த்தேன், ஃபர்ஸ்ட் கிளாஸ். பிரிண்ட்தான் கொஞ்சம் டார்க்லா” என்றாராம். தம்பி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தானாம். பின்னாளில் அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தான். அந்த மனிதர் உண்மையிலேயே வாழ்த்தினார் அக்கா, அதுதான் கஷ்டம் என்றான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சாமிப் பாட்டு சிடி வாங்க ஒரு கடைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் தம்பியின் படம் அடுக்கியிருந்தது. லோரியையும் பாலத்தையும் கண்டதும் எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தம்பி டிவிடி போட்டுவிட்டான், என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் எங்கள் கோயிலுக்கு வேண்டியவர், திருவிழாவுக்குத் தன் செலவில் பந்தல் போடுபவர். என் தம்பி படம் என்றேன். அருமையான படம் அக்கா என்றார். ஐம்பது வேண்டும் என்றதும் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு நாளை மறுநாள் வாருங்கள் என்றார். போனபோது பெட்டி தயாராக இருந்தது, ஒன்றுக்கு ஐந்து வெள்ளி என்று எண்ணிக் கொடுத்தேன். பெட்டிமேல் தமிழில் எழுதிய ஒரு தாள். “ஆர்டர் பில்லுதான் அக்கா, ஒரு சைன் போடுங்க” என்றார். போட்டேன். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்கும், கேன்டீன் பத்திரங்களில் போட்டுப் போட்டுப் பழகிய கை.

கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்து பெண்கள் கிளம்பும் நேரம். வாசலில் நின்று பை கொடுக்கத் தம்பியைக் கூப்பிட்டேன். உன் படத்தை உன் கையாலேயே கொடு என்றேன். அவன் ஒரு பைக்குள் கையை விட்டு டிவிடியை எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் திருப்பினான். எங்கே வாங்கினாய் என்று கேட்டான். சொன்னேன். எத்தனை என்றான். அதையும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்து எனக்கே பெருமை குறைந்துபோனது, ஏதோ தப்பு என்று தெரிந்தது, என்ன தப்பென்று தெரியவில்லை.

“அக்கா, நான் இன்னும் டிவிடியே போடலக்கா” என்றான்.

பையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். எனக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். என்ன செய்வேன், கொடுத்தேன். ஐம்பதையும் நானே கொடுத்து முடித்தேன். வாங்கியவர்கள் எல்லாரும் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அவன் அமலாக்க அதிகாரிகளிடம் புகார் கொடுத்தான். அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒரு முறை எங்காவது சோதனை நடக்கும், செய்தியில் காட்டுவார்கள். பறித்த டிவிடிகளை ஒரு திடலில் கொட்டி, ரோடு போடும் உருளை வண்டியை ஏற்றி நசுக்குவார்கள். ஒரு தடவை தம்பி போய்ப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். “நசுங்குற சத்தம் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. வர்ற வழியில மூணு கடையில புதுசா அடுக்கிக்கிட்டு இருந்தானுங்க” என்றான். அவன் புகாரை வாங்கிய அதிகாரி ஒரு மலாய்க்காரர், பொறுமையானவர். தகவல் சொல்ல ஆயிரம் பேர் போன் செய்கிறார்கள், சாட்சி சொல்ல ஒருவரும் வருவதில்லை, அதனால் வழக்கு நிற்பதில்லை என்றாராம். வாங்கியவர் யாராவது வந்து, இந்தக் கடையில் இவரிடம் வாங்கினேன் என்று சொன்னால் போதும் என்றாராம். வாங்கியவள் நான். வருகிறேன் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கடையைச் சோதனை போட்டார்கள். மற்ற படங்களையெல்லாம் கடைக்காரர் வேறு எங்கோ வைத்திருந்தார். கடையில் சிக்கியது தம்பியின் படம் மட்டும், ஒரு பெட்டி. அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து கோயிலில் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நான் பத்து வருடமாக மாதர் பிரிவுத் தலைவி. நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இரண்டு பாய் காலியாகக் கிடக்கும். கடைக்காரருக்கு மூன்று பெண் பிள்ளைகள், அவர் என்ன கொலையா செய்தார், எல்லாரும் விற்பதைத்தானே விற்றார் என்று என் காது கேட்கப் பேசுவார்கள். என்னிடம் பை வாங்கிக்கொண்டு போன பெண்தான் ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டாள். “சொந்தத் தம்பி படத்த அஞ்சு வெள்ளிக்கு வாங்குனது நீங்க. ஜெயிலுக்குப் போறது அவராக்கா?” அவள் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. தம்பியின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளப்போகிறது என்று நான் சொன்னபோது, அதற்கு இவர் என்ன செய்வார் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது மூன்று நாள் சமைத்துப் போட்டவர்கள். படம் என்பது காற்று மாதிரி, அதைக் கையில் பிடித்து யாராவது திருட முடியுமா என்பதுதான் அவர்கள் நினைப்பு. என் நினைப்பும் தம்பி படம் எடுக்கும்வரை அதுதான். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த டிவிடிகள் எல்லாம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய நகல்கள்தான்.

வழக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் தம்பி வந்தான். சாப்பிட மாட்டேன் என்றான். கடைக்காரரின் வக்கீல் ஒரு தாளை வைத்திருக்கிறார் என்றான். என் தம்பியின் சம்மதத்தோடு, எங்கள் குடும்பக் கல்யாணத்துக்காக, அவர் படத்தை நகல் எடுத்துத் தரும்படி நானே கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறதாம். கீழே என் கையெழுத்து. பில் என்று சொல்லித்தானே வாங்கினார் என்றேன். அந்தத் தாள் நின்றால், தம்பி சம்மதிக்கவில்லை என்றாலும் கடைக்காரர் என்னை நம்பி எடுத்தார் என்றாகிவிடும், பிடிபட்ட பெட்டியும் எங்கள் ஆர்டரில் மிஞ்சியது என்று சொல்லிவிடுவார்கள், வழக்கு போய்விடும். வழக்கு ஜெயித்தால் நஷ்டஈடு கேட்கலாம், வங்கியிடம் தவணை கேட்கலாம், வீடு தப்பும் என்று அரசாங்க வக்கீல் சொல்லியிருந்தார்.

“அக்கா, கோர்ட்டுல கேட்பாங்க. எனக்குப் படிக்க வராது, பில்லுன்னு சொன்னாரு, போட்டேன்னு சொல்லிடு. அதுதானே உண்மை” என்றான்.

“எனக்குப் படிக்க வராதுன்னு உனக்கு யாருடா சொன்னது?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலக்கா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சொல்லச் சொல்ல இதை என் மகள் எழுதுகிறாள். இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் சிலது தெரியும், நாலு எழுத்து சேர்ந்து நின்றால் தெரியாது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும், பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டும், என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்தேன், கேன்டீன் எடுத்து நடத்தினேன், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், என் குறையை வெளியில் காட்டியதில்லை. கோயிலில் தேவாரப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்வேன். பாட்டெல்லாம் மனப்பாடம். பக்கத்தில் இருப்பவள் தாளைத் திருப்பும்போது நானும் திருப்புவேன். கணக்குப் புத்தகம் வந்தால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பிலேயே வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நீதிமன்றத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பின்வரிசையில் கடைக்காரரின் மனைவியும் எங்கள் மாதர் பிரிவுப் பெண்கள் ஆறேழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை, அவளுக்குத் துணையாக வந்திருந்தார்கள். கடைக்காரரின் வக்கீலும் நம் தமிழ் ஆள்தான். கெட்டியான குரல், மரியாதையான பேச்சு. என் வயதைக் கேட்டார், கேன்டீனைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்க்கும் பெண் அதை நீதிபதிக்கு மலாயில் சொன்னாள்.

“அம்மா கோயில்ல மாதர் பிரிவுத் தலைவி. வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கிறவங்க, இல்லையா?”

ஆமாம் என்றேன்.

“புத்தகம் வச்சுத்தானே படிப்பீங்க?”

பின்னால் இருந்த பெண்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கண் என் முதுகில் இருந்தது எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன்.

“அப்போ இந்தத் தாளையும் படிச்சிட்டுத்தானே சைன் வச்சீங்க?”

தம்பி முன்வரிசையில் இருந்தான். அவன் என்னைக் கெஞ்சுவது மாதிரிப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் என் முகத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மானம் போவதை அவன் பார்க்க விரும்பவில்லை.

“படிச்சிட்டுத்தான் போட்டேன்” என்றேன்.

அரசாங்க வக்கீல் ஓர் இளம் பெண். எழுந்து என் அருகில் வந்து, அம்மா, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள், உண்மையிலேயே படித்தீர்களா என்று மறுபடியும் கேட்டாள். மொழிபெயர்க்கும் பெண்கூடக் கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டது மாதிரி இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை சொன்னால் போதாதா என்றேன். வக்கீல் பெண் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. கடைக்காரரை விட்டுவிட்டார்கள். வாசலில் அவர் என் தம்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்து கும்பிட்டார். “உங்க நல்ல மனசுக்கு நன்றிக்கா” என்றார். தம்பி கார் கதவைத் திறந்துவிட்டான், நான் ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, தலை வலிக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்டான். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் பக்கத்துப் பாயில் ஆள் இருந்தது. அந்த வருடத் திருவிழாவுக்குக் கடைக்காரர் இரண்டு பந்தல் போட்டார். நான் பழையபடி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடினேன். என் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். தம்பியின் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. கேமராவை விற்றான், ஸ்டூடியோவை மூடினான். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டும் வேலைக்குப் போனான், அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டான். தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், போவான். படத்தைப் பற்றி யாராவது எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவான். என்மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான் என்று தெரியும்.

பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்தக் கடையும் இப்போது இல்லை. எத்தனையோ சோதனைக்கு மூடாத கடையை வாடிக்கையாளர் கையிலிருந்த போன் மூடிவிட்டது. இப்போது டிவிடி இல்லை, டிவி பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வெளிநாட்டிலிருந்து எல்லாம் அதில் வருகிறது. சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள், பெட்டி விற்பவரைப் பிடிக்கிறார்கள் என்று செய்தியில் சொல்கிறார்கள். பிடிபட்டவரைக் காட்டினால் எங்கள் குடியிருப்புத் தாமானில் பார்ப்பவர்கள் இன்றைக்கும், பாவம், பிழைக்க வந்தவன் என்றுதான் சொல்கிறார்கள். தம்பியின் படமும் போனில் சும்மா கிடக்கிறதாம். மகள் காட்டினாள். யாரோ எழுந்து போகும் தலை குறுக்கே வரும் அதே நகல். கீழே நிறையப் பேர் நன்றி எழுதியிருக்கிறார்கள் என்றாள். தம்பிக்கா என்று கேட்டேன். இல்லை, ஏற்றியவருக்கு என்றாள்.

போன மாதம் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை. வேன் ஓட்டும்போது காலில் பட்ட சின்னக் காயத்தை அவன் கவனிக்கவில்லை. முட்டிக்குக் கீழே முழுவதும் கறுத்துவிட்டது. மனைவி மக்கள் இல்லாதவன், என்னைத்தான் கூப்பிட்டார்கள். வார்டு நர்ஸ், மலாய்க்கார மிஸ்ஸி, ஒரு தாளைக் கொண்டுவந்தாள். தம்பி டிரிப்ஸ் ஏறும் கையாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டான். சொந்தத்தில் ஒருவர் சாட்சிக்குப் போட வேண்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினாள். பக்கத்துப் படுக்கைகளில் ஆள் இருந்தார்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். படுக்கையைச் சுற்றித் திரை போடவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன். மலாயில் சொன்னேன், அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாமல் தமிழிலும் சொன்னேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தம்பி தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அவன் கண்ணில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு வார்டில் பயிற்சிக்கு வந்திருந்த தமிழ் மிஸ்ஸியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

“அக்காவுக்கு மெதுவா படிச்சுக் காட்டுங்க மிஸ்ஸி. ஒரு வரி விடாதீங்க” என்றான்.

அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து வைத்துத் தமிழில் படித்துச் சொன்னாள். எந்தக் கால், எந்த இடத்தில், மயக்க மருந்தால் என்ன ஆகலாம், உயிருக்கு ஆபத்து எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஒரு வார்த்தை விளங்கவில்லை, கேட்டேன், விளக்கினாள். கடைசியில் கேட்டது அனைத்தும் எனக்கு விளங்கியது என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து நான் கையெழுத்துப் போட்ட முதல் தாள் அதுதான், என் தம்பியின் காலை எடுப்பதற்கு.